சிவப்புத் திருகு

"ஒரு கட்டுமரத்துல இடிச்சதுலேர்ந்து இழுக்கவே மாட்டேங்குது" என்றான், ஜெட் ஸ்கி என்கிற கடல் ஸ்கூட்டரைப் பட்டறைக்குக் கொண்டுவந்த விபின். அந்தக் கட்டுமரத்தில் செத்தவன் தன் தம்பி என்று மெக்கானிக் சேவியோ சொல்லவில்லை. எக்ஸாஸ்ட் வால்வைக் கழற்றி, படிந்திருந்த கரியை மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டினான். "ஹேண்டிலைத் திருப்பினேன்பா, திரும்பல. போலீஸ்லயும் அதான் சொன்னேன்." "ஆக்ஸிலேட்டரை விட்டுட்டீங்களா?" "பயத்துல விடாம?" ஆக்ஸிலேட்டரை விட்டால் இந்த வண்டி திரும்பாது, நேரேதான் போகும். பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், அவர்கள் கிளம்பும் முன், சேவியோ தவறாமல் சொல்கிற விஷயம் அது. வால்வை மாட்டி, அதன் தலையிலிருந்த சிவப்புத் திருகை ஒரு சுற்று தளர்த்தினான். இனி வால்வு சீக்கிரம் திறக்கும், வண்டி பறக்கும். இவ்வளவு சுத்தமாக அவன் எந்த வண்டிக்கும் வேலை செய்ததில்லை. தண்ணீரில் இறக்கியதும் விபின் ஏறி உட்கார்ந்து எஞ்சினை உறும விட்டான். எதிரே, கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்டிருந்த தூண்டில் வளைவின் கருங்கற்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. "வேற ஏதாச்சும் பாத்துக்கணுமா?" சேவியோ கைகளை நிதானமாகத் துடைத்தான்.

"ஒண்ணுமில்ல சார்" என்றான். "போங்க."