இரண்டாவது கையெழுத்து

காஜா பேராங் மையத்தாங்கொல்லையில் அடக்கம் செய்யக் குழி அரை மணி நேரத்தில் தயாராகிவிட்டது. அவ்வளவு சிறிய குழி.

வெள்ளைத் துணியில் சுற்றியதை ஷரீஃபுதீன் இரு கைகளிலும் ஏந்தி வந்தான். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"தொழுகை கிடையாதுன்னு பள்ளிவாசல் லெப்பை சொல்லிட்டாரு, தெரியும்லா?" என்றார் குழி வெட்டும் அப்துல் கய்யூம்.

"தெரியும்."

"பலகையில பேரு?"

"வேணாம்."

முதல் பிடி மண் விழுந்தபோது, வலிக்குமோ என்று நினைத்தான். அந்த நினைப்பு போகவேயில்லை.

கேட்டுக்கு வெளியே தம்பி மனைவி பஷீரா முக்காட்டைக் கடித்தபடி நின்றிருந்தாள்.

"அவங்ககிட்ட யாரு மச்சான் சொல்றது? என்னால முடியாது."

"நான் சொல்றேன்."

போன வாரம், மகள் ஹஸீனாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தம்பி ஹாஜா போன சைக்கிளை லாரி இடித்துவிட்டது. அவன் முழங்கால் மூட்டில் எலும்பு ஐந்து துண்டு. தகடு வைத்து ஸ்குரூ முடுக்கிச் சேர்க்கலாம் என்றார் டாக்டர். ஹாஜாவே சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

நேற்று டாக்டர் இன்னொரு காகிதத்தை நீட்டினார். ஹாஜா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தான். இந்த முறை ஷரீஃபுதீன் கையெழுத்துப் போட்டான்.

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார்கள்.

ஹாஜா கண் விழித்திருந்தான். பக்கத்து வீட்டு அஞ்சலை அழைத்து வந்த ஹஸீனா, முழங்கையில் சின்னக் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க நானா! ஊசி போட்டாங்க, வலியே தெரியல. ஸ்குரூ நல்லா பிடிச்சுக்கிச்சு போல. ரெண்டு மாசத்துல மெர்டேக்கா, நாட்டுக்கு சுதந்திரம். கொண்டாட்டத்துக்குப் பாடாங் மைதானம் வரைக்கும் நடந்தே வருவேன், பாருங்க. நீங்கதான் மூச்சு வாங்குவீங்க!" என்றான் அண்ணனிடம்.

ஷரீஃபுதீன் வாயைத் திறந்தான். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வலது கால் பெருவிரல்தான் ஒரே அரிப்பு. கொஞ்சம் சொறிஞ்சு விடும்மா," என்றான் ஹாஜா மகளிடம்.

ஷரீஃபுதீன் கை நீட்டுவதற்குள் அவள் போர்வையைத் தூக்கிவிட்டாள்.

"வாப்பா, இங்க கால் இல்லியே."