வெளியாள் கட்டளை

மூன்று வயது இதழினியின் செயற்கைக் கால் அவள் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதைத் தளரச் சொல்லும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு. பெற்ற தாய் சொன்னாலும் கேட்காது.

"இதழினிக்கு வலிக்குது, விடு," என்று குழந்தை அழுதது.

அவள் தன்னைத் தானே பெயர் சொல்லிக் குறிப்பிட்டதால், வேறு யாரோ கேட்பதாகக் கால் எடுத்துக்கொண்டது. "வெளியாள் கட்டளை. அனுமதி இல்லை."

"பேரை விட்டுட்டுச் சொல்லு கண்ணு!" என்று கெஞ்சினாள் அம்மா பூங்கோதை.

"இதழினிக்குத் தெரியல."

"அனுமதி இல்லை," என்றது கால்.

பூங்கோதைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உன்னச் செஞ்சவன் வீட்டுல பிள்ளையே இல்லையா?" என்று கத்தியபடி அந்தக் காலைப் பிடித்து உலுக்கினாள்.

குழந்தை மிரண்டு அலறியது: "வலிக்குது! விடு!"

கால் உடனே தளர்ந்தது. குழந்தை கெஞ்சியதோ அம்மாவிடம்.