தடயமே இல்லை

"அக்கா வர்றதுக்குள்ள மூட்டையைக் கட்டிடுங்க மாமா. ஒரு முனை வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க" என்று அவசரப்படுத்தினான் மச்சினன்.

கணவர் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார். கை, முகம், சட்டை எல்லாம் கறுப்பு. இந்தக் கோலத்தில் மனைவி பார்த்தால் மனிதர் தொலைந்தார்.

மூட்டைக்குள் இருந்தது ஓர் அகலமான சைலன்ஸர், பந்தய வண்டிக்குப் போடும் ஏர் ஃபில்டர், இஞ்சினை உசுப்பேற்றும் ஒரு சின்னப் பெட்டி. மனைவி அலுவலகப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தபோது, அவளுடைய புதுக் காரில் மச்சினனோடு சேர்ந்து அவர் ரகசியமாக மாட்டியவை.

வாங்கிய அன்றே அவள் சொல்லியிருந்தாள். "ஸ்கூட்டரைக் குதறினது போதும். இந்த இஞ்சின்ல கை வச்சீங்க, ஆயுசுக்கும் சாவி உங்க கைக்கு வராது."

உசுப்பேறிய இஞ்சின் கடைசியில், தனக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவையே தின்றுவிட்டது. மேம்பாலம் ஏறுவதற்குள் வண்டிக்கு மூச்சு வாங்கியது. வாரண்டியில் புது டர்போ சும்மாவே கிடைக்கும். வெளிச் சாமான் மாட்டியது தெரிந்தாலோ பணமும் போச்சு, சாவியும் போச்சு, வீட்டில் நிம்மதியும் போச்சு.

அவளுக்கு அந்தக் கார்மேல் உயிர். ஒரே குறை, முதல் நாளிலிருந்தே இஞ்சினுக்குள் டக் டக் என்று ஒரு சத்தம். கேட்கும்போதெல்லாம் சர்வீஸ் சென்டர் சூப்பர்வைசர் ஒரே பாட்டைத்தான் பாடுவார். "இந்த மாடலே அப்படித்தான் மேடம். போகப் போகப் பழகிடும்."

பழைய சாமான்களை மாட்டி முடித்த மச்சினன், துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

"எல்லாம் கம்பெனியில வந்த மாதிரியே இருக்கு மாமா. கையோட இன்னும் ஒண்ணு ரெண்டு வேலையும் பாத்துட்டேன்."

"ஷோரூம்ல எடுத்தப்பகூட இப்படிப் பூ மாதிரி ஓடலடா" என்று கணவர் மச்சினனைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், பக்கத்தில் கணவரும் மச்சினனும். சூப்பர்வைசர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். அடியில் படுத்துப் பார்த்தார். டார்ச் அடித்து ஒவ்வொரு நம்பராகச் சரிபார்த்தார்.

"எல்லாம் ஒரிஜினல் சாமான்தான்."

கணவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சூப்பர்வைசர் இஞ்சினைக் கிளப்பிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் மாறியது. இன்னொருவரைக் கூப்பிட்டார், அவரும் காதை வைத்துக் கேட்டார். மேனேஜர் வந்து குனிந்தார். மூன்று பேரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல வண்டியைச் சுற்றி நின்றார்கள்.

"சாரி சார். வாரண்டி கிடையாது" என்றார் சூப்பர்வைசர். "இஞ்சினை யாரோ வெளியில பிரிச்சிருக்காங்க."

மனைவி மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள். மச்சினன் மெல்ல வாசலை நோக்கி நகர்ந்தான்.

"எதை வச்சு சொல்றீங்க?" கணவர் விடவில்லை. "எல்லாம் ஒரிஜினல்னு இப்பதானே நீங்களே சொன்னீங்க?"

சூப்பர்வைசர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சாமான் ஒரிஜினல்தான் சார். கம்பெனி போட்ட டக் டக் எங்க?"