வீட்டோடு வரும் மூங்கில்

"இந்தத் தடவையாவது வாயை மூடிக்கிட்டு இருங்க, சொல்லிட்டேன்!"

கண்ணில் பட்ட கடைசி மூங்கில் குருத்தையும் தரையோடு வெட்டி எறிந்துவிட்டு, மனைவி அதன்மேல் ஒரு ரோஜாத் தொட்டியை இழுத்து வைத்தாள். தோட்டத்தின் பின்சுவரை ஒட்டி இப்போது பதினொரு தொட்டிகள் நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"வீடு பார்க்க வர்றவர் ஏதாவது கேட்டா என்ன சொல்றது?" என்றார் கணவர்.

"கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீங்க பாட்டுக்கு வானத்தைப் பாருங்க."

அவள் நர்ஸ். வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. இருபது நாளில் போய்ச் சேர வேண்டும். இந்த வீடு விற்றால்தான் அங்கே ஒரு வீடு. அவரோ அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். பிழை கண்ணில் பட்டுவிட்டால் சுட்டிக்காட்டாமல் இருக்க வராது. முன்னால் வீடு பார்க்க வந்த இரண்டு பேரையும் அந்தக் குணம்தான் தெருமுனை வரை துரத்தியிருந்தது.

நான்கு மணிக்கு வந்தவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். கூடம், படுக்கையறை, சமையலறை எல்லாவற்றையும் இரண்டே நிமிஷத்தில் பார்த்து முடித்தார். தோட்டத்துக்கு வந்ததும்தான் கால் நின்றது.

"தொட்டியெல்லாம் புதுசு போல?"

"இவருக்குச் செடின்னா உயிர்," என்று மனைவி முந்திக்கொண்டாள்.

அவர் வானத்தைப் பார்த்தார்.

"வீடு பிடிச்சிருக்கு. நாளைக்கே பேசி முடிச்சிடலாம்," என்றார் பெரியவர்.

மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. டீ போட உள்ளே ஓடினாள். போகிறபோது கணவனைப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போனாள்.

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். கடைசியில் பெரியவரின் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஐயா, ஒரு நிமிஷம்." குனிந்து ஒரு தொட்டியை நகர்த்தினார். "இது மூங்கிலுங்க. நாங்க வாங்கினப்பவே இருந்துச்சு, எங்களுக்குத்தான் தெரியலை. மேல வெட்டினா கீழ ஓடும். ஒரு தடவை நடைபாதைக் கல்லையே தூக்கிடுச்சு. வேரை முழுசா தோண்டி எடுக்கணும். ஒரு துண்டு மிச்சம் இருந்தாலும் திரும்ப வந்துடும். அப்புறம் சுவர் ஓரமா மூணடிப் பள்ளம் வெட்டி, தடியான பிளாஸ்டிக் தகடு இறக்கணும். ஒத்த ஆளா என்னால முடியலைங்க."

வாசற்படியில் டீ தம்ளர்களோடு மனைவி சிலையாக நின்றிருந்தாள். "போச்சு! மூணாவது ஆளும் போச்சு!"

"நீ திட்டினாலும் பரவாயில்லைம்மா. தெரியாம வாங்கி இவரு மாட்டிக்கக் கூடாது."

பெரியவர் ஒரு தம்ளரைத் தானே எடுத்துக்கொண்டார். நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

"தெரியாமலா? பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஆசை ஆசையா இதை இங்க நட்டவனே நான்தான் தம்பி. அடக்க முடியாம, உங்களுக்கு முன்னாடி இருந்தவர் தலையில வீட்டைக் கட்டிட்டு ஓடிப்போனேன். இப்போ பின்தெருவுல மக வீட்டோட வந்து இருக்கேன். போன வாரம் இது உங்க சுவருக்கு அடியில புகுந்து, அவ சமையலறைத் தரையைப் பிளந்துக்கிட்டு எட்டிப் பார்க்குது... 'நட்டது நீங்கதானே, அந்த இடத்தை வாங்கியாவது வேரோட தோண்டிட்டு அப்புறம் வீட்டுக்குள்ள வாங்க'ன்னு கதவைச் சாத்திட்டா!"