குளித்துவிட்டு வாருங்கள்

"அங்கேயே நில்லுங்க மேடம்! சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது."

யூட்லாந்தில் இரண்டாயிரம் பன்றிகளுக்கு முதலாளியான போடில் திகைத்து நின்றாள். வழிமறித்தவன், அவளிடமே பத்து வருஷமாக வேலை பார்க்கும் ஃப்ரோடெ.

"டேய், என்னையேவா?"

"வைரஸுக்கு முதலாளி, தொழிலாளி தெரியாதுன்னு சொன்னது யாரு? ரெண்டு நாளுக்குள்ள வேற பண்ணைக்குப் போனீங்களா?"

"இல்லப்பா."

"சளி, இருமல்?"

"இல்லடா!"

"பூட்ஸ், மோதிரம் எல்லாத்தையும் கழட்டுங்க. சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு, இங்க இருக்கற துணியைப் போட்டுக்கங்க. பையில என்ன?"

"பன்னிக்கறி வெச்ச ரொட்டி."

"வெளிக் கறி உள்ள வரவே கூடாது. அது வழியாத்தானே பன்னிக்காய்ச்சல் பரவுது?"

அத்தனையும் அவளே எழுதிப் பண்ணை வாசலில் மாட்டிய சட்டங்கள். போய்க் குளித்தாள். ஈரத் தலையும் தொளதொளச் சட்டையுமாக அவள் வந்ததும், ஃப்ரோடெ மெல்லக் கதவைத் திறந்தான்.

"பிறந்து மூணு நாள்தான் ஆகுது. சத்தம் போடாதீங்க."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அவன் மனைவி சிக்னெதான் சத்தம் போட்டாள்.

"அடப்பாவி! காலையில எங்கம்மாவைக் குளிக்க வெச்சே, இப்ப உன் முதலாளியையுமா? இவங்க நம்ம பொண்ணைப் பார்க்க வந்தாங்களா, பன்னிக்குட்டியைப் பார்க்க வந்தாங்களா? முதல்ல அந்த ரொட்டியைக் கொண்டா, பசிக்குது!"

போடில் தொட்டிலில் குனிந்து, குழந்தையின் பிஞ்சுக் காது மடலைத் தடவிப் பார்த்தாள்.

"எல்லாம் சட்டப்படி பண்ணிட்டே ஃப்ரோடெ. காதுல நம்பர் அட்டையை மட்டும் ஏன் விட்டுட்டே?"