ஒரு லிட்டர் கரைசல்

மார்ச் 12. கடும் வெயில், காற்று இல்லை. உலகளாவிய நலவாழ்வு உயிரியல் பாடத்தின் செய்முறை வகுப்பில், ஐம்பது வயதில் பல்கலைக்கழகம் புகுந்த செண்பகவல்லி, ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் பிழையின்றிக் கரைத்தாள். வயிற்றுப்போக்கால் உடல்நீர் வற்றும் குழந்தையை இக்கரைசல் மீட்கும் எனக் குறிப்பேட்டில் எழுதினாள். சுவைத்துப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

“என்னக்கா, உப்பக் கொட்டிட்டீங்களா?” என்று சிரித்தாள் உடன் பயிலும் ஜெசிந்தா.

“அளவு சரியாத்தாம்மா இருக்கு. அன்னிக்கு வயித்தால போனப்ப எம்மவ தண்ணி தண்ணின்னு கேட்டா. குடிச்சா இன்னும் போகும்னு நாந்தான் செம்ப ஒளிச்சு வச்சேன். சாயங்காலம் நாலு மணி தாண்டினதும் போயிட்டா.”

ஆய்வகக் கடிகாரத்தில் காலை பதினொன்றரை. குறிப்பேட்டில் ‘சோதனை முடிந்த நேரம்’ என்ற கட்டம் மட்டும் மிச்சமிருந்தது. செண்பகவல்லி அதைத் தன் திருத்தமான கையெழுத்தில் நிரப்பினாள்: மாலை 4.10.