அடித்த கோடு

ஒரே ஒரு ஓட்டில் போச்சு ஆஸ்பத்திரி.

வரி போட்டு, கவுன்ட்டி என்கிற ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு ஆஸ்பத்திரி நடத்தலாமா என்று டெக்சஸ் மாநிலம் முழுக்க ஓட்டெடுப்பு. சம்மதிக்கிற கவுன்ட்டிக்குத்தான் கிடைக்கும். ஒலீட்டாவின் கவுன்ட்டி வேண்டாம் என்றுவிட்டது.

கெடுத்தது யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. கிழவர் ஸ்டெகால்தான். கண்ணுக்கெட்டிய தூரம் பருத்திக்காடு வைத்திருக்கிற மகா கஞ்சன். வரி என்றால் வயிறு எரியாதா?

தீவனக் கடையில் அவரைப் பார்த்ததும் ஒலீட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் பக்கத்து கவுன்ட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள், வழியிலேயே அவள் குழந்தை செத்துப் பிறந்தது. இப்போது மறுபடி நிறைமாதம்.

"இந்தப் பிள்ளைக்கும் உங்க காட்டுல ஒரு குழி ஒதுக்கி வைங்க, மிஸ்டர் ஸ்டெகால்."

கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"நான் 'எதிர்க்கிறேன்'ங்கிற வார்த்தை மேலதாம்மா கோடு போட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார், போய்விட்டார். எவ்வளவு கூசாமல் சொல்கிறார் மனுஷன் என்று அவளுக்கு ஆறவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள்.

ரூஃபஸ் ஓக்லஹோமாக்காரன். கல்யாணத்துக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தான். டெக்சஸில் அவனுக்கு இதுதான் முதல் ஓட்டு.

"அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான் பாரு" என்றான். "நான் நம்ம பிள்ளைய நெனச்சுக்கிட்டு, 'ஆதரிக்கிறேன்'ங்கிற வார்த்தை மேல காகிதமே கிழியற மாதிரி அழுத்திக் கோடு போட்டேன், ஒலீட்டா."



இந்த ஊர் ஓட்டுச் சீட்டில் வேண்டாததைத்தான் கோடு போட்டு அடிப்பார்கள். அடிக்காமல் விட்டதுதான் ஓட்டு. இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அதை அவனிடம் முன்னாடியே சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. கடையில் கிழவர் சொன்னதைப் புளுகு என்றல்லவா நினைத்தாள்? அவர் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறார்.

ரூஃபஸ் அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினான். முதல் பிள்ளையைப் புதைத்த அன்று அழுததுதான், அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் அழுகிறான்.

"ஒரே ஒரு ஓட்டு. யாரு கெடுத்தது, நீயே சொல்லு."

ஒலீட்டா அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"ஸ்டெகால்தான்" என்றாள்.